சப்பிரகமுவைத் தோட்டப் பள்ளிகளும் நகரத்துத் தூரமும்

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் பொறுப்பைத் துரைமாரிடமே ஒப்படைத்தது. ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் அது விதித்தது. (அதன்பின் அமர்த்தலாம் என்பதே இதன் மறுபக்கம்!) 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பள்ளிகளோ புறத்தேயே நின்றன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக வாதாட எவருளர்? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

எனினும், சப்பிரகமுவையின் நிலை நுவரெலியாவினின்றும் வேறானதென்பது எமது கருத்து. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. ஒரு பள்ளிக்குரிய தமிழ்ப் பிள்ளைகளின் தொகை சிறிது; ஆகவே மேல்வகுப்புகள் தோன்றுவதும் அரிதாயிற்று. ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் தமிழில் கற்க விரும்பிய பிள்ளை பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை போன்ற சிறு நகரங்களை நாட வேண்டியிருந்தது. அப்பயணத்துக்குரிய பஸ் கட்டணமோ தாயின் நாட்சம்பளத்திலிருந்தே பிரிந்தது.