சிறுநீரகக் கட்டியும் மூன்றாம் குரோமோசோமும்

"கிட்னியில் கட்டி" என்று டாக்டர் சொன்னதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "சாதாரணக் கட்டியா, கேன்சரா?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல மருத்துவ உலகம் வெகுகாலம் மைக்ராஸ்கோப்பைத்தான் நம்பியிருந்தது. அது சில சமயம் ஏமாற்றியும் விட்டது.

1883-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் கிராவிட்ஸ், இக்கட்டியின் செல்களில் கொழுப்பு நிறைந்திருப்பதைக் கண்டார். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் எச்சத்திலிருந்தே இது முளைக்கிறது என்று முடிவு கட்டினார். அது தவறு. கட்டி பிறப்பது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில்தான். ஆனாலும் அந்தத் தவறு தந்த 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பெயர் பல பத்தாண்டுகள் நிலைத்தது.

திருப்பம் 1979-இல் வந்தது. அமெரிக்காவில் ஒரே குடும்பத்தில், மூன்று தலைமுறைகளில், பத்துப் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய்! பரிசோதித்தபோது, 3-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 8-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக் கிடந்தன. ஆராய்ச்சியாளர் கண்கள் மூன்றாம் குரோமோசோம் பக்கம் திரும்பின.

இதோடு இன்னொரு இழையும் சேர்ந்தது. கண்ணிலும் மூளையிலும் இரத்தநாளக் கட்டிகளும், சிறுநீரகத்தில் புற்றுநோயும் உண்டாக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதை விவரித்த ஜெர்மானியர் வான் ஹிப்பல், ஸ்வீடன்காரர் லிண்டாவ் ஆகியோரின் பெயரால் 'வி.எச்.எல்.' என்பார்கள். 1993-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனக் குழுவினர் இந்நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்தனர். இருந்த இடம்? அதே மூன்றாம் குரோமோசோம்! பரம்பரையாக வராத 'கிளியர் செல்' வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றிலும் இதே மரபணு பழுதாகியிருப்பது அடுத்த ஆண்டே தெரிந்தது.

இது பழுதானால், ஆக்ஸிஜன் இருந்தும் இல்லையென்று செல் நினைத்துக்கொண்டு, புது இரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. செல் ஆக்ஸிஜனை உணரும் இவ்வழியைக் கண்டவர்களுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வழியில் செயல்படும் பெல்சுடிஃபான் மாத்திரைக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி தந்தது.

சரி, நோயறிவதில் என்ன லாபம்? 'ஆன்கோசைட்டோமா' தீங்கற்ற கட்டி. 'குரோமோஃபோப்' புற்றுநோய். பார்வைக்கு இரண்டும் சில சமயம் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். ஆனால் குரோமோஃபோபில் 1, 2, 6, 10, 13, 17 எனப் பல குரோமோசோம்கள் வழக்கமாகக் குறைந்திருக்கும். ஒளிரும் சாயமேற்றிய டி.என்.ஏ. துண்டுகளால் இதை எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலான கட்டிகளுக்கு மைக்ராஸ்கோப்பே போதும். சந்தேகம் வரும்போதுதான் மரபணு சாட்சி சொல்ல வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில், மரபணு மாற்றத்தை வைத்தே பெயரிடப்பட்ட கட்டிகளுக்குத் தனிப்பிரிவே உண்டு.

சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. வீண் பயம் வேண்டாம். ஆனால் 1979-இல் கதவைத் திறந்தது ஒரு குடும்பத்தின் வரலாறு என்பதை மறக்கக் கூடாது. ஊரைவிட்டு வந்து ஆளுக்கொரு நகரமாக இருக்கிறோம். பெரியப்பாவுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது, அத்தை எதனால் இளம்வயதில் போனார் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.