மலைக்காய்ச்சலும் மனிதப் பரிணாமமும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலைச் சரிவுகள் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. முற்காலத்தில் இம்மலைக்குப் பிழைக்கப் போனவர்கள் யானைக்கு மட்டுமன்றி மலைக்காய்ச்சலுக்கும் அஞ்சினர். இதே ஏலமலையில் 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்டபோது, காய்ச்சல் மிகுந்த கோடை மாதங்களில் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் காய்ச்சல்தான் மலேரியா.

மனித இனம் இன்னும் பரிணமிக்கிறதா என்ற வினாவுக்கு மலேரியாவின் வரலாறு விடை தருகிறது. பரிணாமம் என்றதும் புதிய உறுப்பு முளைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். ஒரு மக்கள் கூட்டத்தில் ஒரு மரபணுவின் விகிதம் தலைமுறைதோறும் கூடினாலும் குறைந்தாலும் அதுவும் பரிணாமமே.

மலேரியா மிகுந்த நாடுகளில் சில இரத்தக் குறைபாடுகள் நிலைத்திருப்பதற்கு அந்நோயே காரணமாகலாம் என 1949இல் ஹால்டேன் கருதினார். பின்னாளில் இந்தியாவில் குடியேறிய அறிஞர் இவர். ஏலமலைக்கு வடக்கே, நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு மரபு இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் அறிவித்தனர். 1954இல், ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த அல்லிசன் இம்மரபுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார்.

இந்த மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைகின்றன. சோகையும் கடும் வலியும் உண்டாகின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் பெறும் குழந்தை பெரும்பாலும் நலமாக வளர்கிறது. கடும் மலேரியாவிலிருந்தும் பெரிதும் தப்புகிறது. சிலரை வதைத்த மரபணு பலரைக் காத்ததால் அழியாமல் நின்றது.

1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடுகளில் டி.டி.டி. தெளித்தனர், நோய் வெகுவாகத் தணிந்தது. இன்று போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளிக்குப் பழைய அச்சம் இல்லை. மலேரியா மறைந்த இடத்தில் அரிவாள் அணு மரபணுவின் நன்மையும் மறைகிறது. தீமை மட்டும் எஞ்சுகிறது. ஆகவே இயற்கைத் தேர்வு அதனை மெல்லக் குறைக்க முற்படும். மருத்துவத்தால் நோயாளிகள் பிழைத்து வாழும்போது அந்தக் குறைவும் தாமதமாகும். இரண்டுமே நம் காலத்தில் நிகழும் பரிணாமம்தான்.

ஆனால் பரிணாமத்தின் கணக்குத் தலைமுறைகளில் ஓடுகிறது. வலியால் துடிக்கும் குழந்தை அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் இரத்தப் பரிசோதனை நடத்துகிறது. மணமக்கள் இருவரும் இம்மரபணுவைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. இதை முன்கூட்டியே அறிவதற்கு ஒரு துளி இரத்தம் போதும்.