விசிறி முத்திரை விளக்கவுரை

மூலம்:

வீச்சளவு 1200 மி.மீ.; காற்றளவு நிமிடத்துக்கு 224 கன மீட்டர்; மின்நுகர்வு 32 வாட்; சேவை மதிப்பு 7.0, ஐந்து நட்சத்திரம், அதிக நட்சத்திரம், அதிக சேமிப்பு.

இது சீலிங் ஃபேனின் நட்சத்திர முத்திரையிலும் பெட்டியின் புறத்திலும் பொறிக்கப்படும் வாசகத்தைத் தமிழில் தொகுத்தது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் வழித் தோன்றிய எரிசக்தித் திறன் பணியகம் இதனை வகுத்தது. 2023 ஜனவரி 1 முதல் இம்முத்திரை கட்டாயமாயிற்று. எண்கள் விசிறிதோறும் வேறுபடும். ஈண்டு மாதிரிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. வாசகம் மிகச் சுருங்கியது. ஆயினும் வீட்டுக்கு ஏற்ற விசிறியைத் தெரிவார்க்கு வேண்டுவன பலவும் இதனுள் அடங்கின. அவற்றைச் சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்த அண்ணனூர் இல்லத்தார் நிலையில் வைத்து விரிப்பாம்.

'வீச்சளவு 1200 மி.மீ.' என்பது: வீச்சாவது இறக்கைகளின் நுனி சுழன்று வரையும் வட்டத்தின் விட்டம். ஓர் இறக்கையின் நீளம் என மயங்கற்க. 1200 மி.மீ. என்பதனையே கடைக்காரர் 48 இன்ச் என்பர். 36 இன்ச் என்பது 900 மி.மீ.; 56 இன்ச் என்பது 1400 மி.மீ. வட்டத்தின் அளவு கூறவே, அவ்வட்டம் அமைதற்குரிய அறையின் அளவும் கூறியதாயிற்று. அரை கிரவுண்டு மனையில் எழுந்த வீடுகளில் படுக்கையறை பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாதல் பெரும்பான்மை. அதற்கு 1200 பொருந்தும். சமையலறைக்கும் சிற்றறைக்கும் 900 அமையும். இருபதடி நீண்ட கூடத்துக்கு 1400 ஒன்றினை நடுவே மாட்டுதலினும் 1200 இரண்டினை இடைவிட்டு மாட்டுதல் நன்று, என்னை? விசிறியின் காற்று அதன் கீழும் அணித்தும் மிக்கு, விலக விலக மெலிதலின்.

விட்டம் கூறி உயரம் கூறாமையின், அதனை உய்த்துணர்க. இறக்கைக்கும் தளத்துக்கும் இடையே ஓரடியேனும் இருத்தல் வேண்டும். தளத்தை ஒட்டிச் சுழல்வது மேலிருந்து காற்றை இழுக்க மாட்டாது. இறக்கை தரையினின்று எட்டடிக்குக் குறையாதிருத்தலும் வேண்டும். பத்தடி உயர அறையில் இவ்விரண்டும் எளிதின் இயலும். பரண் இறங்கிய அறையிலும் சிமெண்ட் ஷீட் வேய்ந்த தாழ்ந்த கூரையிலும் இயலாது போதல் உண்டு. ஆண்டு 1200 என்னும் எண்ணில் ஆசை வையாது, சிறிய வீச்சோ சுவர் விசிறியோ கொள்க.

'காற்றளவு நிமிடத்துக்கு 224 கன மீட்டர்' என்பது: முழு வேகத்தில் ஒரு நிமிடத்தில் விசிறி தள்ளும் காற்றின் கொள்ளளவு. ஐ.எஸ். 374 என்னும் இந்தியத் தரநிலை கூறும் முறையில் அளந்தது. 1200 மி.மீ. விசிறிக்கு 210 கீழெல்லை. ஆகவே 224 என்பது எல்லையை மிக்கு நின்றது என்க.

மூலத்துள் தலையாய தொடர் இதுவே. விசிறி அறையைக் குளிர்விப்பதன்று. காற்றை அசைத்து உடலின் வியர்வையை ஆற்றுவது. காற்றில் ஈரம் மிக்கவழி வியர்வை தானே உலராது. ஆண்டு அசைவே வேண்டப்படும். அண்ணனூர் கடலினின்று மேற்கே விலகி நிற்றலின், கடற்காற்று இங்குப் பிந்தியும் மெலிந்தும் வரும். கத்திரி வெயிற்காலத்துப் பகலெல்லாம் சூடேறிய ஆர்.சி.சி. தளம் இரவிலும் அச்சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். ரயில்வே கார் ஷெட்டிலும் ஆவடி, அம்பத்தூர்த் தொழிற்சாலைகளிலும் இரவுப்பணி செய்வோர் உச்சிப்பொழுதில் உறங்கவேண்டியவர். கொசுவலையின் உள்ளே உறங்குவாரும் பலர். வலை காற்றின் விசையைப் பெரிதும் தடுக்கும். இத்தகையார்க்கெல்லாம் 210-ல் நிற்கும் விசிறியும் 230-ஐத் தொடும் விசிறியும் ஒன்றல்ல.

அற்றேல், இறக்கை மிகுந்தால் காற்று மிகாதோ எனின், அற்றன்று. காற்றளவு இறக்கையின் சாய்வானும் வளைவானும் சுழல் வேகத்தானும் அமைவது. நான்கும் ஐந்தும் இறக்கை கொண்டவை தோற்றப்பொலிவுக்கு ஆகலாம். எண்ணை நோக்கியே துணிக.

'மின்நுகர்வு 32 வாட்' என்பது: அக்காற்றைத் தள்ளுதற்கு விசிறி உண்ணும் மின்னாற்றல். வீடுகளில் நெடுநாளாகச் சுழலும் பழைய விசிறி 75 வாட் அளவு உண்ணும். இவ்வளவு குறைந்தது எதனான் எனின், மோட்டாரின் வகையான் என்க. பழையது இண்டக்ஷன் மோட்டார். சுழலும் பகுதியிலும் மின்னோட்டத்தைத் தூண்டி, அதனிற் பெரும்பங்கை வெப்பமாக இழப்பது. புதியது, கடையிற் பி.எல்.டி.சி. எனப்படுவது, சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் உடையது. அவ்விழப்பு அதற்கு இல்லை. கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-இல் சூப்பர்ஃபேன் என்னும் பெயரால் 35 வாட்டில் இவ்வகை விசிறியை வெளியிட்டமை தமிழ்நாட்டார் அறிந்து மகிழத்தக்கது.

32 வாட் என வாளாது கூறினும், இதனாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, கட்டணம். நாள் ஒன்றுக்குப் பதினைந்து மணிநேரம் சுழலும் 75 வாட் விசிறி இரண்டு மாதத்தில் 67.5 யூனிட் உண்ணும். 32 வாட் விசிறி 28.8 யூனிட் உண்ணும். மூன்று விசிறி உடைய வீட்டில் வேறுபாடு 116 யூனிட். இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் விலையின்றி வருவதும், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியிலும் கட்டணம் ஏறுவதும் உளவாகலின், அவ்வெல்லையில் நிற்பார்க்கு இக்குறைவு பெரும்பயன் தரும். இரண்டு, மின்தடை. 2016-இன் வர்தா, 2023-இன் மிக்ஜாம் புயல்களை நினைப்பார்க்கு இன்வர்ட்டர் பேட்டரியின் அருமை கூறவேண்டா. ஒரு பழைய விசிறி உண்ணும் மின்னில் இவ்வகை இரண்டு சுழலும். மூன்று, கோடை இரவின் குறைந்த வோல்டேஜ். பழைய விசிறி அப்பொழுது தளரும், பி.எல்.டி.சி. விசிறிகள் பல வேகம் குன்றா.

ஈண்டு ஒரு விலக்கு: இவ்வகை விசிறியைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர் வழியே இணைத்தல் ஆகாது. வேகம் கூட்டலும் குறைத்தலும் ரிமோட்டாலோ அதற்கென அமைந்த சுவிட்சாலோ நிகழும். எலக்ட்ரீஷியனிடம் ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புத் தருமாறு கூறுக. உள்ளே மின்னணுப் பலகை உண்மையின், அதற்கு வாரண்டி எத்தனை ஆண்டு என்பதனையும், பழுது பார்க்கும் நிலையம் ஆவடியிலோ அம்பத்தூரிலோ உண்டோ என்பதனையும் கேட்டறிக.

'சேவை மதிப்பு 7.0' என்பது: காற்றளவை வாட்டால் வகுத்த ஈவு. 224-ஐ 32-ஆல் வகுக்க 7 வரும். முன்னிரண்டு தொடரையும் ஒன்றாகக் கட்டியது இத்தொடர். ஆயினும் ஈவை மட்டும் நோக்குதல் போதாது. 210 கன மீட்டரை 28 வாட்டில் தரும் விசிறியின் மதிப்பு 7.5, 238-ஐ 34 வாட்டில் தருவதன் மதிப்பு 7.0. முன்னது மதிப்பின் மிக்கது, காற்றின் குறைந்தது. ஆகலின் ஈவைக் கண்டபின் அதன் இரு கூறுகளையும் மீண்டும் காண்க.

'ஐந்து நட்சத்திரம்' என்பது: 1200 மி.மீ.-க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 2023-இன் விதியில் சேவை மதிப்பு 4.0 எய்தின் ஒன்று, 4.5 எய்தின் இரண்டு, 5.0 எய்தின் மூன்று, 5.5 எய்தின் நான்கு, 6.0 எய்தின் ஐந்து. 1200-க்குக் குறைந்தவற்றுக்கு ஒன்று 3.1-இல் தொடங்கும், ஐந்து 5.1-இல். ஆகவே 900-இன் ஐந்தும் 1200-இன் ஐந்தும் ஒரே அளவின அல்ல. 210 கன மீட்டர் தள்ளும் 75 வாட் விசிறியின் மதிப்பு 2.8 ஆகலின், அது ஒற்றை நட்சத்திரத்துக்கும் எட்டாது. ஒன்று பெறவும் 52.5 வாட்டுக்கு மேற்படலாகாது. உறவினர் வீட்டுப் பழைய விசிறியை வாங்கி மாட்டுவார் இக்கணக்கை அறிவாராக.

'அதிக நட்சத்திரம், அதிக சேமிப்பு' என்பது: வெளிப்படை. அதிக காற்று என்னாது அதிக சேமிப்பு என்றமையான், நட்சத்திரம் மின்சிக்கனத்துக்கே அளவு, காற்றுக்கு அன்று என்பது பெற்றாம். சத்தம், நிறம், தூசி படியாப் பூச்சு ஆகியன பற்றி முத்திரை பேசாது. அவற்றுள் சத்தம் ஒன்றனையே கடையில் ஓடவிட்டுக் கேட்டறிக. நாளில் ஓரிரு மணிநேரமே சுழலும் அறைக்கு விலை குறைந்த இரண்டு மூன்று நட்சத்திர விசிறி போதும். இரவு முழுதும் சுழலும் படுக்கையறைக்கு ஐந்தே கொள்க. அறை வெயில் ஏறும் மொட்டைமாடிக்குக் கீழதாயின், ஐந்துள்ளும் காற்றளவு மிக்கதனையே கொள்க.