கணினி இல்லாமல் கணினியியல் பிறந்த கதை



அண்மையில் தந்தை ஒருவர் என்னிடம் கேட்டார். "டீச்சர், நம்ம பள்ளியில கணினி பத்தாது. வீட்டுலயும் வாங்க முடியல. என் மகன் பின்னால கணினியியல் படிக்க முடியுமா?" அவருடைய கவலை என்னை உறுத்தியது. அக்கவலை தோன்ற என்னைப் போன்ற ஆசிரியர்களும் ஒரு காரணம்.

2003-ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அப்போதுதான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் வகுப்பின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் வரிசைப்படுத்திக் காட்டினேன். மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அது எப்படி வரிசைப்படுத்துது?" என்றாள். "அது நமக்கு வேண்டாம்மா. இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்" என்று உட்கார வைத்துவிட்டேன். அவள் கேட்டதுதான் கணினியியல் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

இத்துறையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

ஒரு கணக்கைத் தவறின்றி முடிக்க உதவும் ஒழுங்கான படிகளைப் 'படிமுறை' என்கிறோம். ஆங்கிலத்தில் இதனை 'அல்கோரிதம்' என்பர். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை நூலாக எழுதினார். அந்நூல் இலத்தீனுக்குச் சென்றபோது அவர் பெயரே திரிந்து அச்சொல்லாயிற்று. நம் பிள்ளைகள் போடும் நீள்வகுத்தலும் ஒரு படிமுறைதான்.

1843-இல் இங்கிலாந்தின் ஏடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறியைப் பற்றி விரிவான குறிப்புகளை வெளியிட்டார். அது எண்களை மட்டுமன்றி, விதிகளால் விளக்கக்கூடிய இசை போன்றவற்றையும் கையாளக்கூடும் என்றார். பாபேஜ் வாழ்ந்த காலத்தில் அப்பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை.

இதனினும் வியப்பானது 1936-இல் நடந்தது. எந்தவொரு தருக்கக் கூற்றையும் மெய்ப்பிக்க இயலுமா இயலாதா என்று முடிவு கூறும் பொதுவான வழிமுறை உண்டா என 1928-இல் கணித மேதை ஹில்பர்ட் வினவியிருந்தார். கேம்பிரிட்ஜில் இருந்த இளைஞர் ஆலன் டூரிங் அவ்வினாவை எடுத்துக்கொண்டார். வழிமுறை என்றால் என்ன என்பதை முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தாளில் எழுதிக் கணக்கிடும் ஒரு மனிதரை அவர் மனக்கண்ணில் கண்டார். அத்தாள் எப்படிப்பட்டது தெரியுமா? குழந்தைகளின் கணக்குப் புத்தகத்தைப் போல் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட தாள்! அந்தக் கட்டங்களை வைத்தே, அத்தகைய பொது வழிமுறை இல்லை என்று நிறுவினார். அமெரிக்காவின் அலான்சோ சர்ச்சும் அதே ஆண்டில் வேறு வழியில் அம்முடிவை எட்டினார்.

நினைவகத்தில் நிரலைச் சேமித்து இயங்கிய முதல் மின்னணுக் கணினி, மான்செஸ்டரில் 1948 ஜூன் 21-இல்தான் இயங்கியது. கணிப்பின் எல்லை எது என்பது அதற்கு 12 ஆண்டுகள் முன்பே தாளில் தெளிவாகிவிட்டது.

அதன்பின் இது கல்வித்துறையாக வளர்ந்தது. 1953-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இதற்கெனப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 1962-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் தனித்துறை அமைத்தது. 'ஓர் இயந்திரத்திற்குத் தனி அறிவியலா?' என்ற ஐயமும் எழுந்தது. நியூவெல், பெர்லிஸ், சைமன் ஆகிய மூவரும் 1967-இல் விடையளித்தனர்: கணினியைச் சூழ்ந்த நிகழ்வுகள் ஆராயத்தக்கவை; எனவே அவற்றுக்கும் ஓர் அறிவியல் உண்டு. டென்மார்க்கின் பீட்டர் நார், தரவே இதன் மையம் எனக் கருதி 'டேட்டாலஜி' என்று பெயர் சூட்டினார். டொனால்டு கனூத்தோ இதனைப் படிமுறைகளைப் பற்றிய படிப்பாகக் கண்டார். இன்று வலையமைப்பு, தரவுத்தளம், செயற்கை நுண்ணறிவு எனத் துறை விரிந்திருப்பினும், 'எதை, எவ்வழியில், எவ்வளவு விரைவாகக் கணிக்க முடியும்?' என்ற வினா எல்லாக் கிளைகளிலும் ஓடுகிறது.

நம் நாட்டில் 2017-இல் சீரமைக்கப்பட்ட கலைத்திட்டம் கணினிசார் சிந்தனையை வலியுறுத்தியது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இப்போது என் வகுப்பில் பயிற்சிப் புத்தகங்களைப் பெயர் வரிசையில் அடுக்கச் சொல்கிறேன். இரு குழுக்கள் ஆளுக்குப் பாதியை அடுக்குவார்கள். பின்னர் இரு அடுக்குகளின் மேலுள்ள புத்தகங்களை ஒப்பிட்டு, முந்திய பெயரை எடுத்து வைத்துக்கொண்டே வருவார்கள். ஒரே அடுக்கு கிடைத்துவிடும். இவ்வாறு இணைத்து வரிசைப்படுத்தும் முறையை, 1945-இல், இன்னும் கட்டப்படாத ஒரு கணினிக்காக ஜான் வான் நியூமன் நிரலாக எழுதினார். அன்று அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடைகளுள் இதுவும் ஒன்று.

அத்தந்தையிடம் இதைத்தான் கூறினேன். நிரல் எழுதிப் பழக ஒருநாள் கணினி தேவைப்படும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தொடங்குவதற்குக் கட்டம் போட்ட கணக்குப் புத்தகமும் பென்சிலும் போதும். உங்கள் மகன் "எப்படி?" என்று கேட்டால், "அது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இது எனக்கு நானே சொல்லிக்கொள்வதுமாகும்.