வாலையும் குளிர்நீரும்: தோட்டப்புறச் சம்சுவின் பின்னே ஒரு பழைய அறிவு



சென்ற வாரம் அறிவியல் பாடவேளையில், கொதிக்கும் கெண்டியின் வாயருகே குளிர்ந்த தட்டு ஒன்றைப் பிடித்துக் காட்டினேன். தட்டின் அடியில் நீர்த்துளிகள் திரண்டன. "எங்கள் தாத்தா தோட்டத்தில் இப்படித்தான் சம்சு காய்ச்சினாராம், ஐயா!" என்றான் ஒரு மாணவன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்தான். நானோ ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதையே இங்கு எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் அறிந்திருந்த மது இருவகை. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய சாறு சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிவிடும். அதற்கு அடுப்பும் வேண்டா, குளிர்நீரும் வேண்டா. கள்ளுக்கடை உரிமத்தோடு நடந்தது. அதனை மூடச் சொல்லிப் போராடியவர்களும் நம்மவரே. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தினர்.

சம்சு வேறு. பெயரே சீன மொழி வழி வந்தது. புளித்த ஊறலைக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைப் பிடித்து, குளிர்வித்துத் துளித்துளியாக வடிக்க வேண்டும். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்; சாராயமோ ஏறத்தாழ 78 பாகையிலேயே கொதிப்பதால், ஊறலிலிருந்து எழும் ஆவியில் அதன் பங்கு மிகுதி. தீ மூட்ட எவராலும் இயலும். ஆவியைக் குளிர்விப்பதே கடினமான பகுதி. குளிர்ச்சி போதாவிடில் உழைப்பெல்லாம் காற்றோடு போய்விடும். ஆகவேதான் மறைவாகக் காய்ச்சியவர்கள் ஆற்றோரத்தை நாடினார்கள். மேலே ஒரு பானையில் குளிர்ந்த நீர் நிற்கும்; அதன் அடியில் ஆவி பட்டுத் துளியாகும்; மேல்நீர் சூடேறச் சூடேற அதனை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் சுமப்பதற்கென்றே ஒருவர் தனியாக இருந்ததாக எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கூறுவார்.

குளிர்நீரை மேலே வைக்கும் இம்முறை சீனத்திலும் மங்கோலியாவிலும் நெடுங்காலமாக உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் வேறொரு முறையும் இருந்தது: ஆவி குழாய் வழியே இறங்கி, நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் கலத்தில் சேரும். ஜான் மார்ஷல் தட்சசீலத்தில் அகழ்ந்தெடுத்த மட்கலங்களை இத்தகைய வாலையின் உறுப்புகளாகக் கண்டார். வாலை வடித்தலின் பழைய தாயகம் இந்தியாவாக இருக்கலாம் என 1979இல் ஆல்சின் என்னும் தொல்லியல் அறிஞர் எழுதினார். எல்லாரும் அதனை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாலை என்பது நம் சித்த மருத்துவத்தின் சொல். தீநீர் வடிப்பது அதில்தான். வயிற்று உப்புசத்துக்குக் குழந்தைக்குப் புகட்டுகிறோமே ஓமத் தீநீர், அதுவும் வாலையில் வடித்ததே! பாட்டியின் மருந்துக்கும் தாத்தாவின் சம்சுவுக்கும் கருவி ஒன்றே என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவோர்க்கும் இதே கவலை உண்டு. அவர்கள் குளிர்விப்பது ஆவியை அன்று. கொதித்த வாற்கோதுமைச் சாற்றை. சூடு தணியுமுன் நொதியைச் சேர்த்தால் அது மடிந்துவிடும். மெல்லத் தணிய விட்டாலோ வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். ஆகவே செப்புக் குழாயைச் சுருளாக வளைத்துச் சாற்றுக்குள் இறக்கி, குழாயினுள்ளே தண்ணீரை ஓடவிடுவர். அவர்கள் அதனைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். நம் தோட்டத்தில் அது குற்றம். உரிமமின்றி வடிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி இன்றும் குற்றமே.

சட்டம் மட்டுமன்று, உயிரும் இதில் அடங்கியுள்ளது. பற்றவைத்த உலோகத்தைக் குளிர்விக்கும் குழாயாகப் பயன்படுத்தினால் அதிலுள்ள ஈயம் சாராயத்தில் கரையும். தொழிற்சாலை மெத்தனால் கலந்துவிட்டால் கண்பார்வை போகும், உயிரும் போகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அண்டை வட்டாரங்களிலும் மெத்தனால் கலந்த மதுவால் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சம்சு சீரழித்த குடும்பங்களைப் பற்றிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு எழுதியது. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அம்மாணவனின் தாத்தா செய்ததை நான் போற்றவில்லை. ஆனால் அந்த முதியவர் ஆவியையும் நீரையும் பற்றி அறிந்திருந்தது என் பாடநூலில் உள்ளதைவிடக் குறைவன்று.

அடுத்த பாடவேளைக்கு ஓமத் தீநீர்ப் புட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். தட்டைப் பிடிக்க அவனையே அழைக்கப் போகிறேன்.