தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் ஒரு செப்புத்தகட்டுப் படமும்

கடலூரின் பழைய தோற்றத்தைத் தேடுவோர் பெரும்பாலும் வந்தடைவது, 1754இல் லண்டனில் ராபர்ட் சேயர் வெளியிட்ட ஒரு செதுக்கோவியத்தைத்தான். தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைக் கடலிலிருந்து நோக்கும் காட்சி அது. முன்னே கும்பினியின் கப்பல்கள், கரையில் கோட்டை. கோட்டைக்குப் பின்னால் இருக்கும் நாடு, அதாவது வயலும் தறியும் ஊரும், அப்படத்தின் பொருளன்று.

படத்தை ஆக்கிய ஜான் வான் ரைன் (1712–60) நெதர்லாந்துப் பகுதியில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை லண்டனில் கழித்தவர். சென்னை, பம்பாய், கல்கத்தாக் கோட்டைகளையும் அதே ஆண்டில் அவர் படமாக்கினார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, பின்னர் உளியால் கோடுகளை அழுத்தமாக்குவது அக்காலச் செதுக்கர்களின் வழக்கம். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். தங்கள் வணிகக் கோட்டைகளை வீட்டில் இருந்தபடியே பார்க்க விரும்பிய லண்டன்வாசிகளே அவற்றை வாங்கினர்.

படத்துக்குள் வராத நாட்டின் கதை 1690இல் தொடங்குகிறது. செஞ்சியில் முகலாயரின் நெருக்கடிக்கு ஆளாகியிருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கும்பினி இக்கோட்டையை விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது ஆளுநர் எலிஹு யேல். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையிலான நிலமும் விற்பனையில் சேர்த்தி. ஆகவே பெரிய பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து எல்லாத் திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடமே எல்லை. கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் இவ்விதமே கும்பினியின் உடைமையாயின. அங்கு உழுதவரையும் நெய்தவரையும் யாரும் கேட்கவில்லை.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் கும்பினியின் தலைமையிடம் இக்கோட்டைதான். அதைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர் மேற்கொண்ட முயற்சிகளை, புதுச்சேரியில் இருந்தபடி ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். 1756இல் ராபர்ட் கிளைவ் கோட்டையின் பொறுப்பேற்றார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றி அரண்களைத் தகர்த்தார். படம் வெளியாகி நான்கே ஆண்டுகளில், அதில் இருந்த கோட்டை தரையில் இல்லை.

இன்று கெடிலத்துக் கரையில் எஞ்சியிருப்பவை சில இடிபாடுகளே. எனவே படத்தையே சான்றாகக் கொள்ள நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அது கோட்டையை வாங்கியவர்களின் கண். கடலில் நின்று பார்க்கும் கண். நிலத்தில் நின்றவர்களின் நினைவு வேறிடத்தில் பதிந்திருக்கிறது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும், கடலூரின் குண்டு சாலையும் அந்தப் பீரங்கியோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அவ்வூர்களைக் குண்டு கிராமங்கள் என்றே வழங்கிவந்தார்கள்.

அருங்காட்சியகங்கள் அந்தச் செப்புத்தகட்டுப் படிகளைப் பேணுகின்றன. ஊர்ப்பெயர்களைப் பேணுவோர் நாமே. பெயர்ப்பலகை மாற்றும்போதும், ஊரை நகரோடு இணைக்கும்போதும், ஒரு வரலாற்று ஆவணத்தைத்தான் கையாள்கிறோம் என்ற எண்ணம் நமக்கு வேண்டும்.