மேடைக் கூலியும் திரைக் குணச்சித்திரமும்: மனோரமாவின் கலைவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

கிழக்கிலங்கைக் கூத்துக் களரியில் பெண் பாத்திரங்களை நெடுங்காலம் ஆண்களே ஏற்று ஆடினர். மேடையில் பிறரைச் சிரிக்கவைத்துப் பிழைத்த பெண்ணைக் கோமாரி முதல் கல்முனை வரையிலான நமது கரையோர மக்கள் பெரும்பாலும் தமிழகத் திரைப்படங்கள் வாயிலாகவே அறிந்தனர். அவ்வாறு அறியப்பட்டவர்களுள் தலையாயவர் மனோரமா (1937–2015). 'ஆச்சி' என்ற அன்புப் பெயர், அவரது கலைவாழ்வு ஓர் உழைப்பின் வரலாறு என்பதைப் பல வேளைகளில் மறைத்துவிடுகின்றது.

மன்னார்குடியிற் பிறந்த கோபிசாந்தா, தாயுடன் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தவர். தாய் வீட்டுவேலை செய்து குடும்பத்தைக் காத்தார். மகள் பன்னிரண்டு வயதளவிலேயே மேடையேறினார். இதனைப் பிறவிக் கலையார்வம் என்று மட்டும் விளக்குவது போதாது. மேடை கூலி தந்தது. அக்கூலிக்கு ஈடாகப் பாட்டு, ஆட்டம், வசனம், இடமறிந்து பேசும் சாதுரியம் ஆகிய யாவற்றையும் ஒருங்கே கேட்டது. எஸ். எஸ். இராஜேந்திரனின் நாடக மன்றத்தில் அவர் பெற்ற பயிற்சியும் இவ்வகையில் நோக்கற்பாலது.

1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவரை நகைச்சுவை நடிகையாகத் திரைக்குக் கொணர்ந்தது. கதாநாயகியின் ஆயுள் சில ஆண்டுகளே, நகைச்சுவையோ நிலைக்கும் என்று கவிஞர் தமக்குக் கூறியதாக மனோரமா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அறிவுரை என்பதைவிட அது சந்தையின் கணக்கு எனலாம். திரைத்தொழில் கதாநாயகியிடம் விலைக்கு வாங்கியது இளமையை. நகைச்சுவை நடிகையிடம் வாங்கியது தேர்ச்சியை. 'கொஞ்சும் குமரி'யில் (1963) அவர் கதாநாயகியானார். ஆயினும் அவ்வழி தொடரவில்லை.

மேடை ஈந்த தேர்ச்சி முழுமையாக வெளிப்பட்டது 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968). நாதஸ்வரமும் பரதமும் காதல்கொள்ளும் அக்கதையில், ஜில் ஜில் ரமாமணி செவ்வியற் கலையுலகின் புறத்தே நிற்பவள். ஊரூராகச் சென்று ஆடிப் பிழைக்கும் நாடகக்காரி. ஏறத்தாழ மனோரமா விட்டுவந்த வாழ்க்கையே அவளது வாழ்க்கை. அவளது கொச்சைமொழி சிரிப்பூட்டவென அமைக்கப்பட்டது. ஆனால் அம்மொழியினூடாகப் பெரிய வித்துவானுக்கு அவள் காட்டும் மதிப்பு, 'உயர்ந்த' கலையினர் அவளுக்கு அளித்திராத மதிப்பு. நடிகை அங்கு பாத்திரத்தை இழிவுசெய்யவில்லை. எழுதப்பட்ட வேடிக்கைக்கு அப்பால் அவளுக்கொரு கண்ணியத்தைத் தேடிக் கொடுக்கின்றார்.

குணச்சித்திர வேடங்கள் பின்னர் பெருகின. 'புதிய பாதை' (1989) சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. விருதுகளைவிட எமக்கு முக்கியமாவது 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). மத்தியதர வர்க்க இல்லத்தின் வேலைக்காரி கண்ணம்மா, அவ்வீட்டார் பேச அஞ்சியவற்றைச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே பேசுகின்றாள். திரையரங்கு சிரிக்கின்றது, இம்முறை சிரிப்பு வேலைக்காரிக்கு எதிரானதன்று. எனினும் குடும்பத்தின் சிக்கலை அவிழ்க்கவே படத்துக்கு அவள் தேவைப்படுகின்றாள். அவளது சொந்த வாழ்வு அதன் பொருளாவதில்லை. பள்ளத்தூரில் தாய் செய்த வேலையையே மகள் திரையில் ஏற்றிருந்தார்.